கொட்டகையின் வயது

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நானும் உன் தம்பியும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று எழுதினாலே அந்த வலியும் பாதி போய்விடும். உன் தம்பி என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஐந்து நாள் ஆகிறது. அவன் உனக்குப் போன் போட்டு ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் பால் கறந்த பண்ணையை விற்றுவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அங்கே முப்பத்தாறு வீடு கட்டப் போகிறார்கள். அதைக் கேட்டதும் ஊர் இரண்டுபட்டுவிட்டது. மேட்டில் இருக்கிற பெரிய கொட்டகை சரித்திரச் சின்னம், அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று பல் டாக்டர் ஒரு குழு சேர்த்துத் தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். வீடு வேண்டும் என்கிற கூட்டத்துக்குப் பள்ளிக்கூட வேன் டிரைவர் தலைவர். ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு அவர் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு நானும் அவர் பக்கம்தான். கடைசியில் கொட்டகையும் மேடும் அப்படியே இருக்கட்டும், வீடுகளைக் கீழ்ப்பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கட்டலாம் என்று இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். வரைபடத்தைப் பார்த்ததும் இது ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் அங்கே மாடுகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும், நாங்கள் கத்திக் கத்தி மேட்டுக்கு ஓட்டி வருவோம். கட்டுகிற கம்பெனி எஞ்சினியர் அளக்க வந்ததோ நல்ல வெயில் காலத்தில், அவருக்கு எப்படித் தெரியும்.

நகரமன்றக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். எஞ்சினியர் யோசித்துவிட்டு, "அப்போ மேட்டுலதான் கட்டணும், கொட்டகை குறுக்க நிக்குதே" என்றார். டாக்டர் விடுவாரா, "உத்தரத்துலயே 1871னு செதுக்கியிருக்கு, வேற என்ன அத்தாட்சி வேணும்?" என்று ஒரு போடு போட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய கொட்டகை எரிந்து சாம்பலானபோது நீ இரண்டாம் வகுப்பு, உன் தம்பி கைக்குழந்தை. எங்கேயோ இடித்த சரக்குக் கிடங்கின் மரங்களைக் கொண்டுவந்து இப்போது இருப்பதைக் கட்டியவர் உன் அப்பா. உத்தரத்தில் இருக்கிற 1871 அந்தக் கிடங்கினுடைய வருஷம். செதுக்கிய பக்கத்தை உள்ளே திருப்பிவிடலாம் என்று கூட இருந்த தச்சர்கள் சொன்னதற்கு, "அழகா இருக்குய்யா, நாலு பேர் பாக்கட்டும்" என்று வாசலைப் பார்க்க வைத்தவரும் அவரேதான். அவர் அழகு பார்த்ததற்கு இப்போது முப்பத்தாறு குடும்பம் தண்ணீரில் நிற்க வேண்டுமா? எல்லாவற்றையும் அப்படியே கூட்டத்தில் சொன்னேன். டாக்டர் ரொம்ப மரியாதையாக, "வயசானவங்க, ஞாபகம் முன்னபின்ன இருக்கும்" என்றார். எனக்கு ஞாபக மறதியாம். போன மாதம் நான் வலது பக்கத்துப் பல்லைக் காட்டினால் இடது பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

வெளியே வந்ததும் உன் தம்பி, "அப்பா கட்டினதுல மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான், அதையும் நீயே இடிக்கச் சொல்றியாம்மா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அவர் போன பிறகும் நான் பண்ணை வேலையை விடாததே அவர் போட்ட கூரைக்குக் கீழே நிற்கலாம் என்றுதான். ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். வேன் டிரைவரின் கடைக்குட்டி தண்ணீரில் கட்டில்மேல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. தம்பியும் நல்லவன்தான், கோபம் ஆறினால் தானாகப் பேசுவான், நீ நடுவில் புகுந்து அவனைத் திட்டாதே.

கொட்டகைக்கு என்ன வயது என்பதற்கு நகரமன்றத்தில் சாட்சி வேண்டும் என்கிறார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்களில் இப்போது ஒருவரும் இல்லை. நீ கல்யாணமாகிப் போகும்போது எடுத்துக்கொண்டுபோன படம்தான் இருக்கிறது. கூரை வேயாத கொட்டகையின் உத்தரத்தில் அப்பா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார், கீழே இரட்டைப் பின்னலோடு நீ நிற்பாய், பின்பக்கம் அவர் கையால் தேதி எழுதியிருக்கும். அதைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு, போனில் எடுத்து அனுப்பினால் அதற்கும் ஏதாவது குறை சொல்வார்கள். உனக்குக் கை வராது என்று தெரியும். வராவிட்டால் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் திரும்பவும் கேட்பேன்.

பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருங்கள். அடுத்த கூட்டம் இருபதாம் தேதி. படம் பதினெட்டாம் தேதியே என் கைக்கு வரும்படி அனுப்பு, அவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாளாவது அவர் என்னோடு வீட்டில் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா