மே மாதத்தில் கால்வே

18 ஜனவரி 2026, ஞாயிறு

குளிருக்குப் பயந்து நான் அயர்லாந்து போகவில்லையாம். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு சுகாசினி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தவறு. எழுபத்தாறு வயதில் எனக்குக் குளிரும் பயமில்லை, விமானமும் பயமில்லை. விசாவுக்கு என் மகள் ஷாரோன் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேட்டேன். இன்னும் வரவில்லை. உண்மை அவ்வளவுதான்.

ஷாரோன் இருக்கும் கால்வேயில், பேத்தி திரிஷாவுக்கு மே பதினாறாம் தேதி புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். என் கணவர் இருந்திருந்தால் இந்நேரம் பெட்டிக்குப் பூட்டு வாங்கியிருப்பார்.

21 ஜனவரி

ஷாரோன் போனில் சொன்னாள்: “மே மாசம் இங்க உங்களுக்கு சரிப்படாதும்மா. கடல் காத்து ஆளையே தள்ளுது. மழை எப்போ வரும்னே தெரியாது. ஜூலைல பாக்கலாம்.”

ஜூலையில் யாருக்குப் புதுநன்மை?

25 ஜனவரி

முப்பத்தொரு வருடம் பூகோளம் நடத்தியவளிடமா வானிலை பேசுகிறாள்! கான்வென்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த மதர் அந்த அயர்லாந்துக் கரைக்காரர். எங்கள் ஊரைப் பார்க்க மே மாதம் வா என்பார். இன்று நானே சரிபார்த்தேன். பகலில் பதினைந்து டிகிரி, இரவில் எட்டு. அவர்கள் ஊருக்கு மழை குறைந்த மாதங்களில் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு போதும்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பதிலா அது?

6 பிப்ரவரி

திரிஷாவின் பாவாடைக்கு இங்கே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெய்யக் கொடுத்த வெண்பட்டு வந்தது. பிரித்தால் — மூலையில் மஞ்சள்! சுத்த வெள்ளை வேண்டும் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். நெய்த வள்ளியை வாசலிலேயே நிற்கவைத்துக் கத்தினேன்.

“புதுத் துணிய மஞ்ச வெக்காம எப்பிடி டீச்சரம்மா குடுப்பேன்? அதுவும் வெள்ளை. கொழந்த நல்லா இருக்கணும்னுதான் வெச்சேன்.”

அழுதுகொண்டே போனாள். இந்த ஊரில் சொன்னதைச் சொன்னபடி செய்ய ஒருத்தரும் இல்லையா?

13 பிப்ரவரி

பேச்சு முடிந்ததும் ஷாரோன் போனை மேசைமேல் வைத்தாள். அணைக்கவில்லை. மாப்பிள்ளை ஜான்சனின் குரல் கேட்டது.

“மழை, காத்துன்னு எத்தினி நாளைக்கு சொல்லிக்கினு இருப்ப? உங்கம்மா வந்தா இங்க மழைகூட வரிசைல நின்னுதான் பெய்யணும்!”

ஷாரோன் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “போன தபா காஞ்சிவரம் போனப்போ, எடது கையால சிலுவை போடுதுன்னு புள்ளைய பத்து தபா திருப்பிப் போட வெச்சாங்க. ராத்திரியெல்லாம் அழுதுச்சி. புதுநன்மை அன்னிக்கும் அது அழணுமாபா?”

நான்தான் அணைத்தேன்.

பத்து முறை இல்லை. ஆறு.

14 பிப்ரவரி

ஆறோ, பத்தோ.

16 பிப்ரவரி

வள்ளி வீட்டுக்கு நடந்தே போனேன். தறியை விட்டு எழுந்து வந்தாள். நான் பேச வந்ததைப் பேசுவதற்குள் அவளே, “ரெண்டு நாள் வெயில்ல போட்டா மஞ்ச போயிடும், குடுங்க டீச்சரம்மா, நானே அலசித் தரேன்” என்றாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

19 பிப்ரவரி

இன்று கூரியரில் பட்டோடு வைத்து அனுப்பியதன் நகல்:

ஷாரோனுக்கு,

திரிஷாவின் பட்டு இத்துடன் வருகிறது. அங்கேயே அளவெடுத்துத் தைத்துக்கொள். மூலையில் மஞ்சள் இருக்கும். நெய்த வள்ளி வைத்தது. அலசாதே.

அன்று போன் அணையவில்லை. நீங்கள் பேசியதைக் கேட்டேன். திரிஷா எந்தக் கையால் சிலுவை போட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

விசாவுக்கு எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். நான் வரலாமா, வேண்டாமா? வானிலையை விட்டுவிட்டு, உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா