பக்கத்து இருக்கையும் அகல டயரும்

ஏங்க,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. டயர்க்காரர் பதினொரு மணிக்கு வருவார். அவரிடம் அளவைச் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அகல டயர்தான் என்று நேற்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்கிறது என்றீர்கள். உண்மைதான். ஆனால் நீங்கள் அளந்தபோது காருக்குள் யாரும் இல்லை.

காலையில் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் தம்பியை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் இறங்கியது. மகள் குனிந்து கையை விட்டுப் பார்த்தாள்.

"ஒரு விரல்தான்மா போகுது. அப்பா உன்ன கணக்குலயே சேர்க்கல!"

"அண்ணி, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க" என்றார் உங்கள் தம்பி.

அகல டயர் போட்டால், இரண்டு பேர் ஏறியதும் உரசும். தனியாகப் போனால் ஒருவேளை தப்பிக்கும். பழைய அளவே போட்டால் சேர்ந்து போகலாம். முடிவு உங்களுடையது.

கார் சாவி ஆணியில் இருக்கிறது.

பி.கு.: என் கறுப்புக் கண்ணாடி பக்கத்து இருக்கையில் கிடக்கும். மறந்துவிட்டுப் போகவில்லை. சாயங்காலம் வேண்டும், அங்கேயே இருக்கட்டும்.