முட்டி போடாமல் பார்த்த மூலை

அயோவா, செப்டம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

நோலன் எழுதுகிறேன். டுலூத்துக்கு நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான். எடுத்திருந்தால் வானிலையைப் பேசிவிட்டு வைத்திருப்பேன்.

இங்கே மக்காச்சோளம் காயத் தொடங்கிவிட்டது. பிரிட்டாவை அடக்கம் செய்த வாரம் சர்ச்சுப் பெண்கள் உணவு கொண்டுவந்த பாத்திரங்களில் ஏழு இன்னும் மேசையிலேயே இருக்கின்றன. அடியில் அவரவர் பெயர் ஒட்டித்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் உள்ளே வந்து உட்காரச் சொல்வார்கள். அதனால் போகவில்லை. வேலைக்குப் போகிறேன். எங்கே எந்தப் புல் நிற்கிறது என்று வரைபடம் போடுகிறேன். சாப்பிடுகிறேன்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதன் பழைய பாதியில் ஏர் பட்டதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரெய்ரி என்ற பழைய புல்வெளியின் விதையுதிர்ப் புல் இந்த வட்டாரத்தில் அங்கே மட்டும்தான் மிச்சம். போன நவம்பரில் ஊர்க் குழு கேட்டு, அது நிற்கும் இடங்களை நான்தான் வரைந்து கொடுத்தேன். என் கோட்டுக்குள் இனி குழி வெட்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த காலியிடம் அந்தக் கோட்டுக்குள் போயிற்று.

பிப்ரவரியில் பிரிட்டா, தன்னை அப்பாவின் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று அந்த இடத்தைக் கேட்டாள். குழுத் தலைவர் வெர்லின், “கோடு நீ போட்டதுதானப்பா, நீ சொன்னா அழிச்சுடறோம், புல்லு கோர்ட்டுக்கா போகப் போகுது” என்றார். நான் அழிக்கச் சொல்லவில்லை. அவளும் புல் படித்தவள், புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவளைச் சோளக்காட்டு வேலியோரம், புதிய பக்கத்தில் வைத்தோம். நீங்கள் அன்று சாப்பிடாமலே காரில் ஏறினீர்கள்.

போன வாரம் அங்கே போனேன். விதையுதிர்ப் புல் பூத்திருக்கிறது. கொத்தமல்லி விதையை வறுத்தது போல ஒரு வாசனை வரும். பழைய பக்கம் முழுக்க அந்த வாசனை. மாமாவின் மூலையில் மட்டும் இல்லை. முட்டி போட்டுப் பார்த்தேன். கதிர் வெளியே விரியாமல் இலை உறைக்குள் பாதி மாட்டிக்கொண்டு நின்றது. அதே குடும்பத்தில் வேறு புல், அத்தை. ஒருமுறை மண்ணைக் கிளறிய இடத்தில் வந்து பிடித்துக்கொள்வது. சாலையோரமெல்லாம் அதுதான். மாமாவுக்கு வெட்டிய குழியின் மண்ணில் வந்திருக்கும். லென்ஸ் வைத்து மூன்று நாள் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அங்கே காக்க வேண்டிய புல் எதுவும் இல்லை.

நவம்பரில் நான் வரையப் போனபோது அந்த மூலையில் மட்டும் புல் வெட்டும் இயந்திரம் ஓடியிருந்தது. கதிர் இல்லை, வெறும் தூர்கள். அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியில் பிரிட்டாவுக்கு இரண்டாவது தடவை கீமோ மருந்து ஏற்றவிருந்தார்கள். நின்றபடியே பார்த்து, வரைபடக் கோட்டை அந்த மூலையையும் சுற்றி இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதுவரை எழுதியதை வெர்லினிடமும் சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

நின்றுகொண்டு புல்லைப் பார்க்கிறவனுக்குத் தன் ஷூதான் தெரியும் என்று பிரிட்டா என்னைக் கேலி செய்வாள். அந்த இடம் கிடையாது என்று நான் சொன்ன அன்று, கண்ணை மூடிக்கொண்டே, “முட்டி போட்டுப் பாத்தியாடா?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். “அப்ப சரி, விடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள். உங்களிடம் சொன்னாள் அல்லவா, அவன் பார்த்துவிட்டான் என்று. நான் பார்க்கவில்லை, அத்தை.

அவளை மாமாவின் பக்கத்துக்கு மாற்றலாம், சட்டப்படி கணவன் என்று என் கையெழுத்து போதும், மண் உறைவதற்குள் செய்ய வேண்டும் என்கிறார் வெர்லின். ஒருமுறை நான் மட்டும் முடிவு செய்து பார்த்தாயிற்று. மாற்றுவதா, இருக்கும் இடத்திலேயே விடுவதா என்று நீங்கள் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் எழுதுங்கள். முடிந்தால் புறப்பட்டு வாருங்கள். பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். லென்ஸ் கொண்டுவருகிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம். உங்களுக்கு முழங்கால் வலி என்று தெரியும், கீழே விரிக்க அவளுடைய பழைய குளிர்கால மேலங்கியைக் கொண்டுவருகிறேன். நீங்களே முட்டி போட்டுப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்னும் அப்படி நினைத்தால், உங்கள் மருமகன்,
நோலன்