வண்டி நிழலில் சிங்கங்கள்

செப்டம்பர் 2, மவுன்

விடுமுறை கிடைத்துவிட்டது. இத்தனை வருடமாக இந்தச் சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்து ஜெர்மன்காரர்களுக்கெல்லாம் சவூட்டிக் காட்டில் கூடாரம் போட இடம் பதிவு செய்து கொடுக்கிறேன். நான் போனதேயில்லை. இந்த முறை என் பெயருக்கே பதிவு செய்தேன். ஒரு வண்டி, ஓர் ஆள்.

அண்ணன் டிடிரோவிடம் அவனுடைய ஹைலக்ஸ் வண்டியைக் கேட்டேன். மாட்டுப்பட்டியில் இருந்தான்.

"ஏம்மா ஒன்கே, போன மாசம்தான் என் கன்னுங்களைத் தின்னுட்டுப் போச்சு. நான் கம்பைத் தூக்கிக்கிட்டு சிங்கத்தைத் துரத்துறேன். நீ லீவு போட்டு அதைத் தேடிப் போறியா?"

"அது வேற சிங்கம்ணே."

"ஏன், அதுக்கு மட்டும் வயிறு இல்லையா?"

வண்டியைக் கொடுத்தான். சிரிக்கவில்லை.

செப்டம்பர் 6, காட்டின் மபாபே வாசல்

காவலுக்கு இருந்த பெண் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "கூட யாரும் வரலையா? வீட்டுக்காரரோட சண்டையா?"

"வீட்டுக்காரரே இல்ல."

"அப்ப எதுக்குக்கா காட்டுல படுக்கணும்? வீட்டுல கட்டில் இல்லையா?"

இருவரும் சிரித்தோம். தடுப்பைத் தூக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒண்ணுக்குப் போறதுன்னாலும் வண்டியை ஒட்டியே போங்கக்கா."

அதே நாள், மணல் மேட்டில்

மாட்டிக்கொண்டேன். சக்கரம் அச்சு வரை மணலில். மணல் தொடங்கும் முன்பே டயரில் காற்றைக் குறையுங்கள் என்று எத்தனை பேருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன்! நான் குறைக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று — முட்டாள்.

மண்வெட்டியை எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிரே காய்ந்த புல் எழுந்து நின்றது. புல் இல்லை.

கதவை அடித்துச் சாத்தினேன். நான்கு பெண் சிங்கங்கள். சுற்றிலும் ஒரு பெரிய மரம் கிடையாது. இந்த வெயிலில் இங்கே இருக்கும் ஒரே நிழல் என் வண்டிதான். வந்து படுத்துவிட்டன.

தண்ணீர் கேன் பின்னால் இருக்கிறது. ஃபிளாஸ்க்கில் ஒரு வாய்த் தேநீர். சிக்னல் இல்லை.

ஒன்று கதவில் முதுகைச் சாய்க்கிறது. வண்டி ஒரு பக்கமாக ஆடுகிறது. ஜன்னல் இடுக்கு வழியாக வாடை — ரத்தமும் புழுதியும். ஐயோ, பயமா இருக்கே. ஆனா கண்ணை எடுக்க முடியலையே! கிழிந்த காது. அதில் உண்ணிகள். மூக்கின் மேல் பழைய தழும்பு.

இப்போது தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். கோபம் இல்லை, பசி இல்லை. அந்தக் கண்ணுக்குள் நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை. இவ்வளவு சிறியவளாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. அது ஏன் எனக்கு ஆறுதலாக இருக்கிறது?

அதே நாள், மாலை, சவூட்டி

யானைகள்தான் என்னை விடுவித்தன.

வெயில் சாய்ந்தபோது வரிசையாக வந்தன. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு சத்தம் இல்லை. சிங்கங்கள் எழுந்து, தங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்பதுபோல் நடித்துக்கொண்டே விலகிப் போயின. முன்னால் வந்த கிழவி யானை என் வண்டிக்கு நேரே நின்றது. வானம் மறைந்தது. துதிக்கை நுனி முன்கண்ணாடியைத் தடவித் தடவி, என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. ஒரு மூச்சு. கண்ணாடியில் ஆவி படிந்தது.

"துமேலா, ம்மா" என்றேன். பெரியவர்களைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்லித்தானே பழக்கம்.

அவை போய் மறைந்த பிறகு இறங்கினேன். காற்றை இறக்கி, மணலைத் தோண்டி, சக்கரத்துக்கு அடியில் புதர்க் கிளைகளைத் திணித்தேன். முதுகிலும் கண் இருந்தால் தேவலை என்றிருந்தது. வண்டி மேலே ஏறியதும் கத்தினேன். அழவும் செய்தேன்.

செப்டம்பர் 7

எழுத வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 14, டிடிரோவின் பட்டி

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். நேற்று சிங்கம் மறுபடி வந்து ஒரு பசுவை அடித்திருக்கிறது. நல்ல பசு. பக்கத்துப் பட்டிக்காரர், பெரியவர் ர்ரா கெசிட்சிலே வந்து, "மிச்ச இறைச்சியில விஷத்தைத் தடவி வெச்சிடுவோம், ஒரே நாள்ல கதை முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பசுவின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்ல? பசு என்னுடையது இல்லையே. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவனாகத்தான் கேட்டான். "நான் சிங்கத்தை எப்பவும் இருட்டுல, ஓடுற முதுகாத்தான் பாத்திருக்கேன். முகம் எப்படி இருக்கும்?"

சொன்னேன். காது, தழும்பு, கண், எல்லாம். கஞ்சி ஆறிப்போனது.

"உன்னையேவா பாத்துச்சு?"

"ஆமாண்ணே."

"ம்."

எழுந்து போய், சரிந்துகிடந்த முள்வேலியைக் காலால் தள்ளிப் பார்த்தான். "இது உசரம் பத்தாது" என்றான்.

செப்டம்பர் 16

இரண்டு நாளாக முள் வெட்டுகிறோம், அண்ணனும் நானும். கை முழுக்கக் கீறல். விஷத்தை விட்டுவிட்டு வேலியா என்று ர்ரா கெசிட்சிலே தன் வேலியில் சாய்ந்து நின்று கிண்டல் செய்கிறார். வேலி என் தலைக்கு மேல் போய்விட்டது. "இன்னும் வை" என்கிறான் டிடிரோ.