கூரையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடியவருக்கு

அப்பா,

இன்று விடிகாலையில் என் மூக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துடைத்துவிட்டுப் புரண்டு படுத்தேன். அடுத்த சொட்டு காதுக்குள் விழுந்தது. மூன்றாவது என்னைத் தாண்டிப் போய்த் தம்பியின் தூளியில் விழ, அவன் எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி வீறிட்டான். நீங்கள் இடம் பார்த்த லட்சணத்தில் இந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நம்மைச் சுற்றி எட்டு வீடே கிடையாது என்பதால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

எழுந்து, ஒழுகும் இடத்தில் வாய் அகன்ற ஈயச் சட்டியை வைத்தேன். ணங், ணங் என்று உங்கள் கூரைத் தகரம் பேச ஆரம்பித்தது. எனக்கும் உங்களிடம் பேச வேண்டியிருந்தது. தாள் எங்கும் கிடைப்பதில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பெட்டி அடித்தே பிழைத்த தச்சர் நீங்கள், தாளைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. தம்பி பிறந்து இரண்டு மாதம். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் வீட்டை விற்றீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். விற்றதைக் குறை சொல்லவில்லை. ரிங்லெட்டில் நம் பலகை வீடு ரோட்டோரம் இருந்தது. தாப்பாவிலிருந்து மேடு ஏறி வரும் ஜப்பான்காரன் லாரிகள் எஞ்சின் கொதித்து, நம் வாசலில்தான் தண்ணீருக்கு நிற்கும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரியும் அதில் ஒன்று. அவர்களுக்கு வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே, என்றைக்கு உங்களையும் ஏற்றிவிடுவார்களோ என்று அம்மா நடுங்குவாள். என் தலைமுடியை ஒட்ட வெட்டி, உங்கள் பழைய சட்டையை மாட்டிவிட்டு, யார் கேட்டாலும் ஆண் பிள்ளை என்று சொல்லச் சொன்னதும் அந்த லாரிகளுக்குப் பயந்துதான். ரோடு இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்றீர்கள். பள்ளத்தாக்கில் வீடு கட்டி மரவள்ளி நடலாம் என்றீர்கள். சரி.

ஆனால் உலகத்தில் யாராவது போகும் இடத்தில் ஒரு கம்பம்கூட நடாமல், இருக்கும் இடத்தைக் கொடுப்பார்களா? அதிலும் நீங்கள் விற்ற விதம் இருக்கிறதே.

சாப்பாட்டுக் கடை போட ரோட்டோரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்த ராவுத்தரிடம், "வீட்ட எடுத்துக்குங்க. கூரைய மட்டும் நான் கழட்டிக்கிறேன்" என்றீர்கள்.

"மண்ட இல்லாத ஆள எவன்யா வேலைக்கு வைப்பான்?"

"தகரத்த எடுத்துக்கிட்டு அத்தாப்பு ஓலை போட்டுத் தரேன், ராவுத்தரே. கடைக்குக் குளுமையா இருக்கும்."

"இந்த மலையில எவன்யா குளுமை கேட்டான்? பல்லு கிட்டிக்குது லா."

ஜப்பான்காரன் காலத்தில் புதுத் தகரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது உங்கள் நியாயம். கடைசியில் ராவுத்தர் இரண்டு மூட்டை அரிசியும், ஒரு மூட்டை உப்பும், ஒரு டின் கோணல் ஆணியும் கொடுத்து வீட்டை எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு தகரத்தையும் நீங்கள் பூ பறிப்பதுபோலக் கழற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் கரியால் நம்பர் போட்டீர்கள். புது வீட்டுச் சட்டத்தையும் இதே அளவில் அடித்து, தகரத்தை இதே வரிசையில் வைத்தால், பழைய ஓட்டையிலேயே பழைய ஆணி இறங்கும், ஒரு சொட்டு ஒழுகாது என்றீர்கள்.

"அதுவரைக்கும் எங்க இருக்குறது?" என்று அம்மா கேட்டாள். அப்போது தம்பி அவள் வயிற்றில் நான்கு மாதம்.

"ரெண்டே வாரம்" என்றீர்கள்.

அந்த வார்த்தையை நீங்கள் சொல்லும்போதெல்லாம் விரலை மடக்கியிருந்தால் கை கால் விரல் எல்லாம் தீர்ந்திருக்கும்.

நமக்கு இடம் கொடுக்க ஆள் இருந்தது அப்பா. தகரத்துக்குத்தான் இல்லை. தகரம் போன இடமெல்லாம் தகராறும் போனது. முதலில் வேதக்கோயிலின் பின்கட்டு. உபதேசியார் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். நீங்கள் இருபத்திரண்டையும் கோயிலின் பக்கச் சுவரில் சாய்த்து, கீழே ஒரு கல்லை முட்டுக் கொடுத்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாளில் வானம் எப்படி முழங்கும் என்று அவர் கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கால் சும்மா இருக்கவில்லை, கல்லை உதைத்தது. முழங்கியது. முன்வரிசையில் மூன்று பெண்கள் முழங்காலில் விழுந்து பாவ மன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தி அடுத்த வீட்டுக் கோழியைப் பற்றிக்கூட ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் உபதேசியார் வந்து, "தச்சரே, ஒங்களுக்கும் ஒங்க வீட்டம்மாவுக்கும் எப்பவும் எடமிருக்கு. ஒங்க தகரத்துக்கும் ஒங்க மகளுக்கும் எடமில்ல" என்றார். நீங்கள் அவர் முன்னால் என்னைத் திட்டினீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

அடுத்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில், அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் வீடு. ஒரே அறை. அவர்கள் ஆறு பேர், நாம் மூன்று பேர். தகரம் வாசல் நடைபாதையில். நான்கே நாளில் லயத்து ஆடுகள் அதில் ஏறிச் சறுக்கப் பழகிவிட்டன. ஆடு சறுக்கும் சத்தத்தில் கைக்குழந்தைகள் அழ, தாய்மார்கள் நம்மைப் பார்க்க, அம்மா தரையைப் பார்த்தாள். மறுபடி சுமந்தோம். இரண்டு இரண்டு தகரமாகத் தலையில் வைத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீங்கள் முன்னால், நான் பின்னால். காற்று அடித்தால் நாமே பறந்துவிடுவோம் போல இருக்கும். கழுத்து நோகிறது என்றால், "இன்னும் பத்து நட" என்பீர்கள். உங்கள் பத்து நடைக்கும் இரண்டு வாரத்துக்கும் ஒரே தகப்பன்.

பிறகு தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி வீடு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்துக்கே அவர்தான் துரை. தன் வீட்டுப் பக்கத்துச் சாமான் அறையைத் தரத் தயார், ஆனால் கோழிக் கூண்டுக்கு நான்கு தகரம் வேண்டும் என்றார்.

"நாலு போனா என் அடுப்படி நனையும், ஐயா."

"அப்ப ரெண்டு குடு."

"ரெண்டு போனா பாதி அடுப்பு நனையும்."

அன்று தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க, அம்மா தகர அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நான் இனிமே எந்திரிக்க மாட்டேன். இங்கயே பெத்துக்கிறேன்" என்றாள். அதற்கு இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. கிராணிக்கு அந்தக் கணக்கு தெரியாது. உள்ளே ஓடிப்போய், மூடிக்கிடந்த தேயிலை ஆலையின் சாவியைக் கொண்டு வந்து உங்கள் கையில் திணித்தார். கிராணி என்ற பிராணிக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். நீங்கள் காதைத் திருகினீர்கள்.

ஆலையின் மேல்மாடியில், கொழுந்தை வாட்டுவதற்காகச் சாக்கு கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அதில் கொழுந்து மாதிரி நாம் படுத்தோம். இலையை ஒரு ராத்திரிதான் வாட்டுவார்கள். நம்மை இரண்டு மாதம் வாட்டினார்கள். சட்டை, சோறு, தலைமுடி எல்லாவற்றிலும் பழைய தேயிலை வாசம். நீங்கள் விடிந்ததும் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய் மரம் அறுத்துச் சட்டம் அடிப்பீர்கள். சாயங்காலம் நனைந்து வந்து, "ரெண்டே வாரம்" என்பீர்கள். அடுத்த நாள் மழை வந்து கம்பக்குழியை மூடும்.

நான் செய்ததை இப்போது சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம், வெளியே போகவும் வழியில்லாமல், உங்கள் தகர அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவை மட்டும் ஒழுங்காக இருப்பது எரிச்சலாக இருந்தது. எச்சிலைத் தொட்டு உங்கள் நம்பர்களை அழித்தேன். கரித்துண்டை எடுத்து, உங்கள் கையெழுத்து மாதிரியே, இருபத்திரண்டையும் மாற்றிப் போட்டேன். நீங்கள் கூரை போடும் நாளில் ஓட்டை ஒன்றோடொன்று பொருந்தாமல் நீங்கள் தலையைச் சொறியும்போது, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் அப்பா திட்டம். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சட்டத்தை அடித்து முடித்த வாரம் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. குளிர் விட்ட நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தகரத்தை ஒவ்வொன்றாகப் புரட்டி ஆணியால் கீச் கீச்சென்று சுரண்டுவீர்கள். இரண்டு நாள் அந்தச் சத்தம். பல் கூசியது.

"என்னாப்பா பண்றீங்க, படுங்கப்பா."

"துரு சுரண்டுறேன்."

"துரு எங்க ஓடிப் போவப்போவுது?"

"நீ ஒன் வேலையப் பாரு, வாயாடி."

அதுதான் கடைசியாக நீங்கள் என்னைத் திட்டியது. நீங்களே அடித்து வைத்திருந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை வைத்துத்தான் உங்களுக்குப் பெட்டி செய்தார்கள். உபதேசியார் ஜெபித்தார். என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அன்றைக்கு நான் எதையும் உதைக்கவில்லை.

அம்மாவுக்கு ஏழு மாதம். ஆலையில் பிள்ளை பெற முடியாது. ராவுத்தர் கடையை ஒரு நாள் மூடிவிட்டு, கூரை போட்டுத் தர வந்தார். அவர் மேலே, நான் கீழே. "நம்பர் பாத்துக் குடு புள்ள" என்றார். எந்த நம்பரைப் பார்ப்பது? பழைய வரிசையை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தூறலில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஓட்டை ஓட்டையோடு சேரவில்லை. புது ஓட்டை அடித்து, பழையதைக் களிமண்ணால் அடைத்தார்.

"என்னாது இது, ஒங்கப்பன் கண்ண மூடிக்கிட்டா நம்பர் போட்டாரு?"

"காய்ச்சல்ல போட்டிருப்பாரு, பாவம்" என்றாள் அம்மா.

வாயாடி என்று பெயர் எடுத்தவள், வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டேன். களிமண் ஒரு மாதத்தில் கரைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அம்மா தூளியை இடம் மாற்றிக் கட்டுகிறாள். வீட்டுக்குள்ளேயே தம்பிக்குத் தற்காலிகமாக இடம் தேடுகிறோம்.

இன்று காலை மழை விட்டதும் கதவைத் திறந்தேன். வெயில் தாழ்வாக உள்ளே வந்து, சட்டித் தண்ணீரில் பட்டு, மேலே தகரத்தின் அடிப்பக்கம் ஆடியது. பழைய வீட்டு அடுப்புக் கரி படிந்த பக்கம் அது. கரிக்கு நடுவே ஏதோ பளிச்சென்றது. பெட்டி மேல் ஏறிப் பார்த்தேன். மூலையில், விரல் உயரத்தில், ஆணியால் சுரண்டிய நம்பர். பதினான்கு. பக்கத்துத் தகரத்தில் மூன்று. அதற்கடுத்து இருபது. ஒவ்வொன்றிலும் இருந்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து, ஓட்டையோடு ஓட்டையை வைத்துப் பார்த்து, சரியான வரிசையைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். நான்காம் தகரம் தூளிக்கு நேர் மேலே இருந்தது. அதில் நம்பருக்குக் கீழே:

"வாயாடி, என் நாலுக்குக் கொம்பு முளைக்காது."

உண்மைதான். உங்கள் நாலின் தலை மூடியிருக்கும். என்னுடையதற்கு இரண்டு கொம்பு நிற்கும். அத்தனையையும் உங்கள் மாதிரி எழுதிவிட்டு அதில் கோட்டை விட்டிருக்கிறேன். தெரிந்தும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரை போடும் நாளில் என் முகத்தைப் பார்க்கக் காத்திருந்திருக்கிறீர்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஒவ்வொரு நம்பராகப் பார்த்தாள்.

"அப்பனும் மகளும் வெளையாடி என் தலையில தண்ணி ஊத்துறீங்க" என்றாள். பிறகு போய் உங்கள் சுத்தியலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

இருபத்திரண்டையும் கழற்ற வேண்டும். ஆணியை நிமிர்த்த வேண்டும். உங்கள் வரிசையில் வைத்து, பழைய ஓட்டையிலேயே இறக்க வேண்டும். செத்த பிறகும் தகரம் தூக்க வைக்கிற அப்பா எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். ஏணியில் காலை வைத்துவிட்டேன்.

"எத்தன நாளு ஆவும்டி? அதுவரைக்கும் புள்ளய எங்க படுக்க வைக்கிறது?" என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள்.

வாயில் அதுவாகவே வந்துவிட்டது அப்பா.

"ரெண்டே வாரம்."