குட்டி விட்டுவைத்த வரப்பு

என் அன்பு மண்வெட்டிக்கு,

நானும் குட்டியும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெயிலுக்குத் தொப்பி போடுகிறாயா, இல்லை அதைக் கூடாரத்து ஆணியிலேயே மாட்டிவிட்டாயா?

உன் கடிதம் வந்தது. குட்டி பிறந்து இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி அகழாய்வுக் குழிக்குள் இறங்கினாய். முதல் வாரத்திலேயே அந்தப் பழைய வீட்டின் தரையை வெறும் மண் என்று நினைத்துச் சுரண்டிவிட்டாயாம். "கை மறந்துபோச்சு, வீட்டுக்கே வந்துடறேன்" என்று எழுதியிருக்கிறாய். அட போடி! போன மாதம் ஒரு வக்கீலின் கோட்டில் இடது கையை வலதில் வைத்துத் தைத்தேனே, அதற்காகத் தையற்கடையை மூடிவிட்டேனா? பிரித்துத் தைத்தேன்.

நீ எழுதாமல் விட்டதை உங்கள் அகழாய்வுக் குழுத் தலைவி அம்மா போனில் சொன்னார். தப்பு தெரிந்ததும் நீயே வேலையை நிறுத்தச் சொன்னாயாம். பிறகு மண்ணின் நிறம் தெரியக் குழிச் சுவரில் தண்ணீர் தெளித்து, மூக்கு உரசுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்து, அடியில் இன்னொரு தரை இருக்கிறது, நெருப்பு பட்ட சிவப்பும் தெரிகிறது என்றாயாம். தோண்டினால் முழு அடுப்பே வந்ததாம். "வேற யார் கண்ணுக்கும் படலைங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளவெடுத்துக்கொண்டே சொன்னேன். அதில் ஒருவருடைய பேன்ட் குட்டையாகிவிட்டது, போகட்டும்.

குட்டி உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். மண்ணில் கிடைப்பது பழைய எலும்பென்றால் நாக்கில் ஒட்டும், கல்லென்றால் ஒட்டாது என்று நீ சொல்லிக் கொடுத்தாலும் கொடுத்தாய், கண்ட கல்லையெல்லாம் நக்குகிறாள். நேற்று வாடிக்கையாளர் சட்டைப் பட்டனையும் நக்கிப் பார்த்து, "எலும்பு இல்லப்பா" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கொல்லையில் இரண்டு குழி தோண்டி, மண் அடுக்குகளைப் பார்க்க நீங்கள் விடுகிற மாதிரியே நடுவில் ஒரு வரப்பை வெட்டாமல் விட்டிருக்கிறாள். தடுக்கி விழப்போன நான், இதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "மூணு கலர் மண்ணு தெரியுது பாரு. அம்மா வந்து பாக்குறவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றாள். துணி காயப்போட நானும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போகிறேன்.

மழை வரும்போல் இருக்கிறது. உன் பழைய மழைக்கோட்டை எடுத்து அந்த வரப்பின்மேல் போர்த்தியிருக்கிறேன். நீ அவசரப்படாதே. அங்கே கடைசித் தரைவரை பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்து வா. அதுவரை இங்கே எதுவும் கரையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அளவுநாடா