முதலை விழுங்கிய முயல்

டீச்சரம்மாவுக்கு,

நூலகத்தில் பிள்ளைகளுக்கு என் முயல் புத்தகத்தை வாசித்துக் காட்டப் போகிறேன். சாவி பழைய செருப்புக்குள் இருக்கிறது. சோறு வடித்துவிட்டேன். குழைந்திருந்தால் அதையும் திருத்திக்கொள்.

எடிட்டராம், எடிட்டர்! அடுத்தவன் எழுத்தில் பேன் பார்க்கிற பிழைப்பு. அந்தக் கூட்டம் இல்லாமலே முந்நூறு பிரதி போட்டேன். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. நீதான் சம்பந்தி எதிரிலேயே, "மூணாம் அத்தியாயத்துல முதலை முழுங்கின முயல், ஆறாவதுல அதே முதலைக்குப் பல்லு பிடுங்குதே, எப்படிங்க?" என்று கேட்டாய். அன்றிலிருந்து உன்னோடு பேசுவதில்லை. கவனித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் ஹெட்கிளார்க் இறந்த பிறகும் பத்து நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்தக் கடமையுணர்ச்சி ஒரு முயலுக்கு இருக்கக்கூடாதா?

இரண்டாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் போக அச்சகக்காரர் பதினொரு மணிக்கு வருவார். கட்டு மேஜைமேல் இருக்கிறது. பிரிக்காமல் கொடு.

பி.கு.: செருப்பு மாட்டும்போது எதிர்வீட்டுக் குட்டி பிடித்துக்கொண்டாள். "முயல் செத்துச்சுன்னு நான் ரெண்டு நாள் அழுதேன் தாத்தா. அது சும்மாவா?" என்றாள். அவளிடம் ஹெட்கிளார்க் கதையைச் சொல்ல மனசு வரவில்லை.

இன்னொன்று: அச்சகக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். கட்டைப் பிரி. சிவப்புப் பேனா உள்ளேயே இருக்கிறது. இதில் ஒரு யானை சாகிறது. செத்தது செத்தபடியே இருக்கிறதா என்று மட்டும் பார்.